ஊக்கமும் ஊடுபயிரும்

ஒரு தொழிலைக் கற்குங்கால் உண்டாகும் ஆர்வம், அதனால் ஊதியம் பெறுங்கால் குன்றுதல் உலகியல்பு. கணினிக்கு நிரல் எழுதும் தொழிலும் இதற்கு விலக்கன்று. தான் எழுதிய முதல் நிரல் இயங்கக் கண்டு துள்ளிய மாணவன், உத்தியோகத்தில் அமர்ந்த சில ஆண்டுகளில், பிறர் எழுதிய நெடிய நிரலின் ஒரு மூலையில் பிழை திருத்தியே நாளைக் கழிக்கிறான். வேலையின் முழுமை அவனுக்குப் புலனாவதில்லை. அதனாற் பயன் பெறுவோர் முகமும் தெரிவதில்லை. ஊக்கம் குன்ற இவ்விரண்டும் பெருங்காரணங்களாம். இதற்கு மருந்து யாது?

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலங்களை அறிந்தார்க்கு விடை புதிதன்று. பருத்தி விதைப்போர் அதனிடையே உளுந்தும் விதைப்பதுண்டு. பருத்தி முழுப் பலன்தர ஐந்து மாதமளவு செல்லும். உளுந்தோ 65 முதல் 75 நாட்களுள் முற்றிவிடும். அதன் வேர் முண்டுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்த்து நிலத்துக்கும் வளமூட்டும். நிரல் எழுதுவோன் ஓய்வுப் பொழுதில் தன் விருப்பம் பற்றிச் செய்யும் சிறுபணி இத்தகைய ஊடுபயிரே. அது விரைவில் முடியும்; முடித்த மகிழ்ச்சியைத் தரும்; அதிற் கற்றது உத்தியோகத்துக்கும் உரமாகும்.

இதற்குச் சான்றுகள் பல. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில், தாம் புதிதாய் வாங்கிய கணினியின் இயல்பை அறியவும், வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்பு கொள்ளவும் ஒரு சிறு நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அதனைப் பிறர்க்கு அறிவித்தபோதும் வெறும் பொழுதுபோக்கென்றே குறித்தார். இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாய் இயங்குவது லினக்ஸே. பைத்தான் என்னும் நிரல்மொழியும், கைடோ வான் ராசம் என்பார் 1989ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கிய பணியே.

நம்மவருள்ளும் இத்தகையோர் உளர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கல்யாணசுந்தரம், கணினிக்கென 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை ஆக்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, எவரும் விலையின்றிப் படிக்க வழிசெய்தனர். ஊதியம் கருதாப் பணி எத்துணைத் தூரம் செல்லுமென்பதற்கு இது தக்க சான்று.

இனி, இப்பணியை மேற்கொள்வோர் கருதத்தக்கன மூன்று. முதலாவது, தேவை அருகிலிருத்தல் வேண்டும். காரியாபட்டிப் பக்கத்து மாணவன் தன் ஊரில் பெய்யும் மழையைக் கணக்கிடும் நிரல் எழுதலாம். இரண்டாவது, முதற்படி சிறிதாதல் வேண்டும். நாளும் மில்லிமீட்டர் அளவும் பதிந்து, மாதக் கூட்டுத்தொகை காட்டினாற் போதும். சென்ற ஆண்டோடு ஒப்பிடுதல் முதலியன பின்னர் ஆகுக. மூன்றாவது, பிறர் ஒருவரேனும் அதனைப் பயன்படுத்தல் வேண்டும். "ஐப்பசிக் கணக்கு இதில் எங்கே, தம்பி?" என்று உழவர் ஒருவர் வினவுவாராயின், ஆங்கில மாதத்தாற் கணக்கிட்டவன் தமிழ் மாதத்துக்கும் வழிகாண முயல்வான். அவ்வொரு வினா தரும் ஊக்கத்தைப் பல மாதச் சம்பளமும் தாராது.

எனினும் எல்லையும் உண்டு. உத்தியோக நேரத்தையும் நிறுவனத்துக் கணினியையும் இதற்குக் கொள்ளலாகாது. வேலை ஒப்பந்தத்தையும் முன்னரே படித்துக்கொள்க. ஊழியர் வெளியே எழுதும் நிரலுக்கும் உரிமை கொண்டாடும் நிறுவனங்கள் உள. அன்றியும், உழைத்து ஓய்ந்த உடலுக்கு வேண்டுவது உறக்கமேயன்றி இன்னொரு வேலையன்று. ஊடுபயிர் நெருங்கினால் பருத்தியும் வாடும்.

மாணவ நண்பர்களே! உத்தியோகம் வயிற்றுக்குச் சோறிடும். தொழிலின்பால் அன்பை நாமே பேணல் வேண்டும். வாரத்தில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்குக. சிறிதாய்த் தொடங்குக, தொடங்கியதை முடித்து ஒருவர் கையிற் கொடுக்க.