தொழிற்பற்று

மக்கள் செய்யுந் தொழில்கள் பலவாயினும், அவற்றின்பால் அவர்கட்குள்ள பற்று ஒரு தன்மைத்தாய் இருப்பதில்லை. ஒரே கூரையின்கீழ் ஒரே கூலி பெற்று உழைக்கும் இருவருள் ஒருவர் தம் தொழிலை உயிரெனப் போற்றுகிறார். மற்றவரோ மாலை மணியையே எதிர்நோக்கியிருக்கிறார். இவ்வேறுபாடு பிறப்பால் வருவதா, ஊதியத்தால் வருவதா, அன்றி வேறு காரணமும் உண்டா? இவ்வினாவைச் செட்டிநாட்டு ஊராகிய ஒக்கூரை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம்.

ஒக்கூர் என்றவுடன் தமிழ் பயில்வார் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவர் சங்கப் புலவராகிய ஒக்கூர் மாசாத்தியார். இவ்வூரையே அவர்தம் ஊராகக் கருதுவர். குறுந்தொகையில் 5, அகநானூற்றில் 2, புறநானூற்றில் 1 என அவர் பாடல்கள் எட்டு நமக்குக் கிடைத்துள்ளன. முன்னைப் போரில் தன் குடியில் மூத்தவனையும், நேற்றைப் போரில் கணவனையும் இழந்த ஒருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பிய செய்தியை அப்புறப்பாட்டிற் காண்கிறோம். அம்மறக்குடியில் மகனுக்குத் தொழில் எதுவென்னும் வினாவே எழவில்லை. குடியின் பெருமையும் தாயின் துணிவும் அதனை முன்னரே முடிவு செய்துவிட்டன. ஆகவே, பற்றினை அமைக்கும் காரணங்களுள் மரபு ஒன்று என்பது தெளிவு.

எனினும் மரபு ஒன்றே அமையுமெனின், வணிகர் மகனெல்லாம் வணிகத்தில் வல்லனாதல் வேண்டும். அங்ஙனம் நிகழக் காண்கிலோம். செட்டிநாட்டு நகரத்தார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கொண்டுவிற்றலிலும் வட்டித் தொழிலிலும் பெயர்பெற்ற அவர்கள், 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளிற் கடை வைத்தனர். ஆயினும் முதலாளியின் மகனென்பதற்காக எவனையும் உடனே கல்லாவில் அமர்த்திவிடவில்லை. இளம்பருவத்திலேயே கணக்குப் பயிற்சி தொடங்கும். முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரையில் கீழ்வாயிலக்கம் மனப்பாடமாதல் வேண்டும். பின்னர்ப் பெட்டியடிப் பையனாய்க் கடையிற் சேர்ந்து, எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதக் கற்று, அடுத்தாளாகி, அதன்பின்னரே மேலாளாக உயர்தல் கூடும். பயிற்சி கையை மட்டும் பழக்குவதன்று. நாளடைவில் மனத்தையும் பழக்கிவிடுகிறது. நன்கு செய்யத் தெரிந்த வேலையை வெறுப்பவர் சிலரே.

ஊதியத்தை அவர்கள் வகுத்த முறையும் எண்ணத்தக்கது. கடல் கடந்து செல்லும் மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைத்தலின், குடும்பம் ஊரிற் கவலையின்றி வாழும். தவணை முடிந்து ஐந்தொகை பார்த்தபின் இலாபத்திலும் ஒரு பங்கு உண்டு. இங்ஙனம் கூலியாள் ஓரளவு கூட்டாளியும் ஆகின்றான்.

இவையனைத்தினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு, அது நம்பிக்கை. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, அவருடைய பெரும்பொருள் ஐராவதிக் கரையில் மற்றொருவர் கையில் இருந்தது. நாள்தோறும் கண்காணிக்க வழியில்லை. 1929-30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தனவென்றும், அவற்றின் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இத்துணைப் பெருந்தொழில் காவலினால் மட்டும் நின்றதாகாது. ‘என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள்’ என்னும் உணர்வே ஒருவனைத் தொழிலோடு இறுகப் பிணிப்பது. நம்பப்படாதவன் வேலை செய்வான், பற்றுக் கொள்ளான்.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 1930-க்குப் பின் நெல்விலை வீழ்ந்தது. கடன் தீர்க்கவியலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலம், 1938-இல் 25 பங்காயிற்று. வட்டித் தொழிலர் பெரும்பாலோர் நிலத்தை விரும்பி வாங்கினாரல்லர். அவர்க்கு வேண்டியது பணமே. கணக்கிற் பிழையில்லை, தொழிலிற் குறைவில்லை. ஆயினும் நிலமிழந்த உழவனின் துயரம் பேரேட்டில் எப்பற்றிலும் எழுதப்படவில்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது வணிகர் பலர் அனைத்தையும் விட்டு வெளியேறினர். 1948-இல் வந்த நிலச் சட்டம் எஞ்சியதையும் முடித்தது.

தொழில் அழிந்தது, பற்று அழிந்ததா? இல்லை. பர்மாவில் மோல்மேனிற் பணக்கடையாய்த் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார், போருக்கு முன்னரே தாய்நாடு திரும்பி ஆலைத் தொழிலிற் புகுந்து, 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலை நிறுவினர். அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியிற் கல்லூரி கண்டார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். கடை போயினும், கடையிற் பழகிய ஒழுங்கும் துணிவும் வேறு பணிக்கு உதவின. ஆதலால் தொழிற்பற்று என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைக் கட்டிக்கொண்டிருத்தல் மட்டுமன்று. ஒப்படைக்கப்பட்டதை உண்மையாய் நடத்தும் பழக்கமே அதன் உயிர்நாடியாகும்.

மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் தாலந்துகளின் உவமை வருகிறது. எசமான் பொருளை ஒப்படைத்துத் தூரதேசஞ் செல்கிறான், நம்பிக்கையை ஏற்றவர் பெருக்குகின்றனர், அஞ்சினவன் புதைத்துவிடுகிறான். ஆனால் அவ்வதிகாரம் அத்துடன் முடிவதில்லை. பசித்தவனுக்கு உணவளித்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்னும் நியாயத்தீர்ப்பும் அதே அதிகாரத்தில் தொடர்கின்றது. முதற்பகுதியை மட்டும் படிப்பவன் திறமுடையவனாகலாம். இரண்டையுஞ் சேர்த்துப் படிப்பவனே நல்ல தொழிலாளன்.

நம்மிற் பலர் விரைவில் பள்ளியிலோ, அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ, கடையிலோ தொழில் தொடங்க இருக்கிறோம். மனத்திற்குப் பிடித்த தொழில் வாய்க்கும்வரை பற்றினை ஒத்திவைத்தல் பலருக்கு இயல்பாயிருக்கின்றது. பற்று முன்னே வந்து, தொழில் பின்னே வருவதில்லை. சிறு வேலையொன்றை நம்பிக்கையோடு ஏற்று, நன்கு பழகி, அதனால் பிறர்க்கு என்ன நேர்கிறதென்பதையும் கண் திறந்து பார்ப்போமாயின், பற்று தானே வேரூன்றும்.