பனிச்சரிவில் முதல் 15 நிமிடம்

பனியில் புதைந்தவனைப் பக்கத்தில் நடந்து வந்தவன் தோண்டி எடுக்காவிட்டால் ஹெலிகாப்டர் வந்தும் பிரயோஜனமில்லை என்கிறார், சியாச்சினில் பணியாற்றி ஓய்வு பெற்ற இரணியல் அவில்தார். ராணுவத்துக்கு ஆள் எடுப்பு என்று கேள்விப்பட்டால், மைதானத்தில் ஓடும் பையன்களைப் பிடித்து நிறுத்தி இதைத்தான் முதலில் சொல்வார்.

1990-களில் வெளியான சுவிட்சர்லாந்துக் கணக்கும் அவர் பக்கமே. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான்.

அவருடைய ஆறாத கோபம் ஏவிடி பற்றியது. புதைந்தவரைக் கண்டறிய நெஞ்சோடு வாரிட்டுக் கட்டும் இந்தச் சிறு கருவி 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் சிக்னல் அனுப்பும். ஒருவர் புதைந்ததும் மற்ற அனைவரும் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றியாக வேண்டும். அவருடைய தோழர் ஒருவர் புதைந்த அன்று, தேடியவர்களில் ஒருவர் மாற்றவில்லை. திரையில் தூரம் காட்டும் எண் குறையும், நம்பி ஓடுவார்கள். அம்புக்குறியோ மண்வாரியோடு நின்ற அந்த ஆளையே காட்டும். தோழரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. முகத்தைச் சுற்றிய பனி, மூச்சுப் பட்டு உருகி மறுபடி உறைந்து கண்ணாடி போல் இருந்தது. கொஞ்ச நேரமாவது மூச்சு விட்டிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

கருவிப் பழுது என்று பிறகு சிலர் பேசினார்கள். “பொட்டிக்கு ஒண்ணும் இல்ல மக்கா, மாத்த வேண்டியவன் மாத்தல” என்று இன்றும் மறுக்கிறார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார். எண் மிகக் குறைந்த இடத்தில் மடக்குக் கம்பியைக் குத்து. ஆளில் தட்டினால் உருவாதே. சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வெட்டு. வாக்கிடாக்கியைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே.

“அனுமந்தப்பா ஆறு நாள் கிடந்தாரே?” என்று கேட்பவர்கள் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் காவல்நிலையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் புதைந்தார்கள். ரேடாரும் டாட், மிஷா என்ற மோப்ப நாய்களும் தேடின. இறுகிய பனிக்கட்டியைத் துளைத்தும் அறுத்தும் 25 அடி இறங்கினார்கள். கூடாரத்துக்குள் தங்கிய காற்றால் லான்ஸ் நாயக் அனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லியில் அவரும் இறந்தார். இறந்தவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கி 46 பேர் மீண்டார்கள். அங்கே பலரைக் காத்தது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர். திறந்த சரிவில் நடப்பவனுக்குக் கூடாரமும் இல்லை, கன்டெய்னரும் இல்லை.

பனிமலை ஏறப் பணம் கட்டியிருக்கும் இரணியல், தக்கலைப் பிள்ளைகள் புறப்படுமுன் வழிகாட்டியிடம் கேட்கட்டும்: ஆளுக்கொரு ஏவிடி, கம்பி, மண்வாரி உண்டா? ஏவிடி ஒன்றைப் பனியில் புதைத்து வைத்துத் தேடும் பயிற்சி உண்டா? இல்லை என்றால் கட்டிய பணம் போனாலும் போகட்டும், ஏற வேண்டாம்.