ஆறு எங்கே இருக்கிறது?

தாராவியில் ஒரு வீடு. மகள் பள்ளி விட்டு வந்தாள்.

"அம்மா, போனைக் கொடு. மிட்டி ஆற்றைப் பார்க்க வேண்டும்."

"ஆறா? அது நாலாதானே!" என்றாள் அம்மா.

மகள் போனில் வரைபடத்தைத் திறந்தாள். மொழியைத் தமிழுக்கு மாற்றினாள். "தா-ரா-வி" என்று அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது.

"இதுதான் மிட்டி ஆறு. விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர் இதில் வருகிறது. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிமில் கடலில் சேர்கிறது. மிட்டி என்றால் இந்தியில் இனிப்பானது என்று பொருள்."

பிறகு அவள் செயற்கைக்கோள் படத்தைத் தொட்டாள். வானத்திலிருந்து பார்ப்பதுபோல் ஊர் தெரிந்தது. விமானம் ஓடும் பாதைக்குப் பக்கத்தில் ஆறு மடங்கித் திரும்பியது. எதிர்க்கரையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் பெரிய கட்டடங்கள். அது ஒரு காலத்தில் சதுப்பு நிலம்.

"ஆற்றைக் குறுக்கியது குடிசைகள்தான் என்பார்களே! பெரிய இடங்களும்தானா?" என்றாள் அம்மா.

அவளுக்கு 2005 ஜூலை 26 நினைவுக்கு வந்தது. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ஆறு கரை தாண்டியது. மும்பையில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தண்ணீர் போக வழி இல்லை. குப்பையும் வழியை அடைத்திருந்தது.

கரையோரம் பச்சையாகத் தெரிவது அலையாத்திக் காடு. நம் ஊர்ப் பக்கம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதே காடு உண்டு. இதன் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அலையின் வேகத்தைக் குறைக்கும். மீன்குஞ்சுகளுக்கு இடம் கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்குப் போனார்கள். அது தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு அங்கே குப்பை கொட்டினார்கள். இன்று அது மரங்கள் நிறைந்த சோலை.

மகள் போன் கேமராவை ஒரு மரத்தின் பக்கம் திருப்பினாள். திரையில் மரம் தெரிந்தது. அதன் மேலேயே ஒரு பெயரும் வந்தது. கண்முன் உள்ள காட்சியோடு செய்தியையும் சேர்த்துக் காட்டும் இந்த முறைக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர்.

அம்மா இலையைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள்.

"உன் போன் தப்பாகச் சொல்கிறது. இது புங்க மரம். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நிறைய உண்டு."

போன் சொல்வது எப்போதும் சரியாக இருக்காது. தெரிந்தவரைக் கேட்பதும் வேண்டும்.

அலையாத்திக் காட்டை அழிக்கக்கூடாது என்று 2018-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அங்கே யாராவது மண்ணோ குப்பையோ கொட்டினால் படம் எடுங்கள். வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்கோ வனத்துறைக்கோ எழுதுங்கள். இடத்தைச் சரியாகக் காட்டினால் தட்டிக் கழிப்பது கடினம்.

வீடு திரும்பும்போது பாலத்தில் அம்மா நின்றாள். கீழே பார்த்தாள்.

"இது நாலா இல்லை. ஆறு" என்றாள்.

பேசுவோம்
1. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நீர்நிலை எது? அதை வரைபடத்தில் தேடுங்கள்.
2. அதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?
3. உங்களுக்குத் தெரிந்த ஐந்து மரங்களின் பெயரை எழுதுங்கள்.