பாடம் 6: ஒரு சொல், பல ஓட்டம்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊரில் இருக்கும் தன் பாட்டியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "அக்கா எங்கேம்மா?" என்று பாட்டி வினவினார். "அக்கா ஓடிப்போய்விட்டாள் பாட்டி" என்று இவள் விடை கூறினாள். மறுமுனையில் பேச்சு நின்றது.

பள்ளிப் பேருந்து புறப்படும் நேரமாகிவிட்டதால் அக்கா விரைந்து ஓடினாள் என்பதே இவள் கருதிய பொருள். பாட்டி கொண்ட பொருளோ வேறு. பெற்றோர் அறியாமல் வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணைத்தான் ஊரில் 'ஓடிப்போய்விட்டாள்' என்பார்கள். சிறிது நேரத்தில் மாமாவும் சித்தியும் மாறி மாறி அழைத்தனர். அக்கா மாலையில் வந்து தன் குரலைக் கேட்கச் செய்த பிறகே பாட்டி உணவு உண்டாராம். வீட்டார் பல நாள் இதைச் சொல்லிச் சிரித்தனர். ஆனால் அம்மாணவி அதன்பின் பாட்டியிடம் 'ம்', 'சரி' என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் பேசவில்லை. இந்தப் பாடம் அவளை முன்னிட்டு எழுதப்பட்டது.

அவள் எங்கே தவறினாள்? ஆங்கிலத்தில் 'ரன்' என்று நினைத்தாள். தமிழில் 'ஓடு' என்று சொன்னாள். இரண்டும் ஒன்றுதானே என்று நீங்களும் கருதலாம். 'ரன்' எவ்வளவு பெரிய சொல் என்பதை முதலில் பார்ப்போம்.

ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் 'செட்' என்பது. பின்னர் அகராதியைத் திருத்தியபோது அவ்விடத்தை 'ரன்' பிடித்துக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் காணப்பட்டன. இதனைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியருக்கு இந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆயிற்று! மனிதரும் விலங்குகளும் ஓடியதைக் குறித்த சொல், நீராவி இயந்திரமும் இரயில் வண்டியும் வந்தபோது அவற்றுக்கும் பயன்பட்டது. இன்று கணினியில் ஒரு நிரலை இயக்குவதும் 'ரன்'தான். கிரிக்கெட்டில் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்ட ஆட்டக்காரர், நின்ற இடத்தில் நின்றபடியே ஆறு 'ரன்' பெறுகிறார். ஓடாமலே ஓட்டம்!

இத்தனை பொருள்களுக்கும் தமிழில் 'ஓடு' பொருந்துமா? சிலவற்றுக்குப் பொருந்தும். ஆறு ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படமும் ஓடுகிறது. 1944ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹரிதாஸ்' என்னும் படம் சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. ஆனால் மூக்கு ஓடாது, ஒழுகும். கடையை யாரும் ஓடுவதில்லை, நடத்துவர். தேர்தலில் நிற்பர் அல்லது போட்டியிடுவர். ஆங்கிலேயர் தேர்தலில் நிற்பதாகவும், அமெரிக்கர் ஓடுவதாகவும் சொல்லும் வழக்கம் உண்டு என்பது வேடிக்கை. வீட்டில் சர்க்கரை ஓடிப்போவதில்லை, தீர்ந்துபோகும். சாலையில் நண்பருக்குள் ஓட முடியாது, அவர் எதிர்ப்படுவார்.

நீங்கள் நாள்தோறும் கேட்கும் இந்தியையும் எண்ணிப் பாருங்கள். அங்கே கடிகாரமும் கடையும் 'சல்னா' என்னும் சொல்லால் குறிக்கப்படும். அச்சொல்லுக்கு நடத்தல் என்பது முதற்பொருள். தமிழில் ஓடும் கடிகாரம் இந்தியில் நடக்கிறது. நேரம் என்னவோ இரண்டிலும் ஒன்றே.

தமிழ் ஓட்டத்திற்கும் தனிவழிகள் உண்டு. அக்காவைப் பற்றிய செய்தி கேட்ட பாட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில் செய்வதறியாது நிற்பதை இவ்வாறு கூறுகிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்பவர் விழிப்பார். தேர்வு அறையில் 'ஒன்றும் ஓடவில்லை' என்றால் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று பொருள். பெயர்ச்சொல்லாக வரும்போது 'ஓடு' கூரையின் மேல் இருக்கும். ஆமையின் முதுகிலும் முட்டையின் மேலும் இருக்கும். 'அண்ணனோடு' என்பதில் அதுவே மூன்றாம் வேற்றுமை உருபு.

இவ்வாறு வருவதைப் பலபொருள் ஒருசொல் என்பர். 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குக் காவல், கூர்மை, மணம், அச்சம், விரைவு முதலாகப் பதின்மூன்று பொருள்களை நன்னூல் தருகிறது. திவாகர நிகண்டு இத்தகைய சொற்களுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கியுள்ளது.

இனி அம்மாணவியின் தொடருக்கு வருவோம். 'ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வா' என்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. அடுத்து ஒரு செயல் தொடர்ந்து வருவதால், விரைந்து செல்லுதல் என்னும் பொருளே கிடைக்கிறது. 'ஓடிப்போய்விட்டாள்' என்று தொடர் அங்கேயே முடிந்தால், திரும்பி வாராமல் போதல் என்னும் பொருள் ஏறிக்கொள்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு மாடும் அப்படித்தான் ஓடிப்போகிறது. 'பேருந்தைப் பிடிக்க ஓடியிருக்கிறாள் பாட்டி' என்றிருந்தால் போதும். அவள் பயன்படுத்திய சொற்கள் அனைத்தும் நல்ல தமிழ்ச் சொற்கள். அவை கூடி நின்ற இடத்தை மட்டும் அவள் அறிந்திருக்கவில்லை. ஊரில் வளராத ஒருவருக்கு அதை யாரேனும் சொல்லித்தானே தெரியும்?

பயிற்சி

அ. பின்வரும் தொடர்களைத் தமிழ் மரபுக்கு ஏற்பத் திருத்தி எழுதுக.
1. என் தந்தை ஒரு தேநீர்க் கடை ஓடுகிறார்.
2. குளிரினால் தம்பிக்கு மூக்கு ஓடுகிறது.
3. எங்கள் வீட்டில் எரிவாயு ஓடிவிட்டது.

ஆ. 'ஓடு', 'ஒடு' ஆகிய இரண்டையும் உரக்கப் படித்து, ஒலி வேறுபாட்டைக் கூறுக.

இ. ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது வேறு பெரியவர் ஒருவருடன் தொலைபேசியில் பேசுக. அவர் பேச்சில் 'ஓடு' என்னும் சொல் வரும் இடங்களைக் குறித்துக்கொள்க. பொருள் விளங்காத இடத்தில் அவரிடமே கேட்டு, அவர் கூறிய விளக்கத்தை அவர் சொன்னவாறே எழுதி வருக.