‘த’ ஓர் ஆள், ‘கதிமி’ இன்னோர் ஆள்

டிரான்ஸ் ஆல்பம் ஒன்றைப் போட்டால் வெளியாள் சொல்லும் முதல் வார்த்தை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதான். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் நேரடியாகக் கேட்டார்: “ஏன்டா, அந்தப் பாட்டு இன்னுமா முடியல?” அப்போது ஓடிக்கொண்டிருந்தது நாலாவது டிராக். அக்கா கேட்டதில் தப்பே இல்லை. நிமிடத்துக்கு 138, 140 அடி என்று ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் அறைந்துகொண்டிருக்கும் மின்னணு இசை இது. வரி கிடையாது, சரணம் கிடையாது, இருந்தாலும் நாலு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடும் ஒரு குரல்தான் இருக்கும். திரைப்பாட்டுக்கு விமர்சனம் எழுதிப் பழகிய கை இங்கே எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவிக்கும். அந்த ஒரே மாதிரிக்குள் எது, எப்போது, எவ்வளவு நேரம் மாறியது என்று சொல்வதுதான் டிரான்ஸ் விமர்சகரின் வேலை. மிச்சமெல்லாம் அலங்காரம்.

நான் இதை எழுதுவது அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து. ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் கப்பல் ஏறும் துறை இது. ஒட்டினாற்போல் கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டு. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பிளேர்தான். 2020 வரை இங்கே புது ஆல்பத்துக்கு உடனுக்குடன் விமர்சனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த இணையத்தில் ஓர் ஆல்பம் இறங்கி முடிவதற்குள் ஆசையே வடிந்துவிடும். சென்னையிலிருந்து கப்பலில் வரும் அத்தான் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் எங்கள் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. ஆம்ஸ்டர்டாமில் வெள்ளிக்கிழமை வெளியாகும் ஆல்பம் அன்றைக்கே என் மொபைலில் இருக்கிறது.

ஆனாலும் ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கத்தை நான் விடவில்லை. அடுத்த கப்பல் வரும்வரை வேறு கதியில்லாததால் ஒரே ஆல்பத்தைத் தலைமுதல் கால்வரை கேட்டுக் கிடப்போம். விமர்சனத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: கோப்பின் பெயரில் வரிசை எண் இல்லையென்றால் கணினி அகரவரிசையில் அடுக்கிவிடும், ஆல்பத்தின் கடைசி டிராக் முதலாவதாக வந்து உட்கார்ந்துவிடும். எழுதத் தொடங்குமுன் வரிசையை உறுதிசெய்யுங்கள். ‘ஷஃபிள்’ பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

இந்த இசையைக் காதால் பிரிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தவில்காரர். முருகன் கோவில் பங்குனி உத்திரத்துக்கு வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். நான் டிரான்ஸின் ஒரு கிளையான சைட்ரான்ஸ் டிராக் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். ஹெட்போனை வாங்கி மாட்டினார், விரலால் தொடையில் தட்டினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “தம்பி, இது சுத்தமான சதுஸ்ரம். தகதிமி, தகதிமி. ஆனா ‘த’வை ஓர் ஆள் அடிக்கிறான், ‘கதிமி’யை இன்னோர் ஆள் அடிக்கிறான்.” அச்சாக அதுதான் சைட்ரான்ஸின் அடித்தளம். அடியின் முதல் கால்பங்கில் கிக் டிரம், மிச்ச மூன்று பங்கிலும் பேஸ். கிக் விழும் இடத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இரண்டும் மோதிக் கலங்கிவிடும். இதைப் பக்கம் பக்கமாக விளக்கும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், தவில்காரர் சொன்ன ஒரு வரிக்கு ஈடில்லை. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் பேஸ் வடிவங்களைச் சொற்கட்டில்தான் எழுதுகிறேன். ‘கதிமி’ நேராக ஓடுகிறதா, ‘தகிட’ என்று மூன்றாக மடங்குகிறதா, நடுவில் ஒரு எழுத்து விடுபட்டுக் கார்வை விழுகிறதா என்று குறித்துவிட்டால், ஒரே மாதிரி என்று தோன்றிய நாலு டிராக்கும் நாலு ஆட்களாகப் பிரிந்து நிற்கும்.

அடுத்தது எண்ணிக்கை. டிரான்ஸில் பெரும்பாலான மாற்றங்கள் 32 அடிக்கு ஒருமுறை வரும். நம் கணக்கில் ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம். 140 வேகத்தில் அது 14 விநாடிக்குச் சற்றே குறைவு. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் எங்கே புது ஒலி நுழைகிறது, எங்கே கிக் நிற்கிறது, அது நின்ற பிறகு எத்தனை ஆவர்த்தனம் காக்கவைத்துத் திரும்ப விடுகிறார்கள் என்பது பிடிபடும். கிக் நின்று இசை மிதக்கும் அந்தப் பகுதியை பிரேக்டவுன் என்பார்கள், திரும்ப விழுவது டிராப். மணித்துளியோடு குறித்துக்கொள்ளுங்கள். “உணர்ச்சிகரமான டிராக்” என்று எழுதுவதைவிட, பிரேக்டவுன் இரண்டு நிமிடம் நீள்கிறது, பாதியிலேயே பொறுமை போய்விடுகிறது என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன் உண்டு. டிராப்பில் எல்லாரும் ஒரே ஒலியைத்தான் போடுகிறார்கள் என்பதும் இப்படித்தான் தெரியவரும். ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசரில் வந்த ‘சூப்பர்சா’ என்ற அகன்ற ஒலி கால் நூற்றாண்டாக டிரான்ஸைப் பிடித்து ஆட்டுகிறது. அது வந்தாலே மதிப்பெண்ணைக் குறைக்கும் வியாதி எனக்கு உண்டு, எச்சரித்துவிடுகிறேன்.

எதில் கேட்பது? மொபைல் ஸ்பீக்கரில் கேட்டு பேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது. கிக்கின் அடி ஒலி 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை: கரன்ட் போனால் தெருவெல்லாம் டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். அந்த உறுமலும் அதே அடித்தளத்தில்தான் கிடக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது கேட்டால் எந்த ஆல்பமும் பேஸ் மெலிந்ததாகவே படும். அந்த நேரத்தில் மேல்வரிசை ஒலிகளை மட்டும் குறிப்பெடுத்துவிட்டு, கிக்கையும் பேஸையும் இரவுக்குத் தள்ளிவைப்பேன்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது டிரான்ஸ் என்ற பெயரே புழக்கத்துக்கு வராத காலத்து ஆல்பம். பம்பாய் ஹிந்தி சினிமாவில் ஆர்.டி.பர்மன் உள்ளிட்டோருக்கு வாசித்த சரண்ஜித் சிங், 1982-இல் ஹெச்எம்விக்காகச் செய்த ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. ‘டிஸ்கோ டான்சர்’ படம் வந்த ஆண்டு அது, திரும்பிய பக்கமெல்லாம் டிஸ்கோ. தபலாவை விட்டுவிட்டு ராகத்தை டிஸ்கோ அடியில் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூன்றே ரோலண்ட் கருவிகள்: தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூபிடர்-8. தட்டு விற்கவில்லை. 2002-இல் டெல்லியில் ஒரு பழைய பிரதி நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் கையில் சிக்கி, அவருடைய பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் 2010-இல் மறுபடி வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபதைக் கடந்த வயதில் அவருக்கு ஐரோப்பிய மேடைகள் கிடைத்தன. 2015-இல் காலமானார்.

இதை டிராக் வாரியாக எழுதிப் பார்ப்பது நல்ல பரீட்சை. பத்துக்கும் அதே அடி, அதே கருவி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். வித்தியாசம் காட்ட ராகம் ஒன்றுதான் மிச்சம்.

முதலாவது பைரவ், நம் மாயாமாளவகௌளை. இயந்திரக் குரல் ஒன்று ‘ஓம் நமசிவாய’ என்கிறது. அதைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதாதீர்கள், எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். காது போக வேண்டிய இடம் ரிஷபமும் தைவதமும். பாடகர் அவற்றை ஆட்டிப் பாடுவார், இங்கே சிந்தசைசர் வழுக்கிப் போகிறது. அந்த வழுக்கல் கமகத்துக்கு ஈடாகிறதா என்று ஒவ்வொரு டிராக்கிலும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது லலித்தில் நிச்சயமாக ஈடாகிறது. பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும் விசித்திர ராகம், கர்நாடகத்தில் நேர் இணை கிடையாது. கீழே டிபி-303 அசையாமல் சுழல, மேலே அந்த இரண்டு மத்யமமும் உரசும்போது, பின்னாளில் கோவா டிரான்ஸில் கேட்கப்போகும் அந்தக் கிறக்கம் 1982-லேயே காதில் விழுகிறது. ஆல்பத்தின் உச்சம் எனக்கு இதுதான்.

பூபாலி நம் மோகனம், இனிப்பு அதிகம், வேகமாகக் கடந்துவிடலாம். தோடியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹிந்துஸ்தானித் தோடி நம் தோடி அல்ல, அது சுபபந்துவராளி. பெயரைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். மதுவந்தி தர்மவதியின் நெருங்கிய உறவு. மேக் மல்ஹாரில் மத்யமாவதியின் சாயல் உண்டு, நாங்கள் ஆறேழு மாதம் மழையில் கிடப்பவர்கள், அந்த ராகத்தில் எனக்கு நடுநிலை எதிர்பார்க்காதீர்கள். யமனும் கலாவதியும் (நம் கல்யாணியும் வலஜியும்) ஜூபிடரில் அழகாகத்தான் ஒலிக்கின்றன, ஆனால் கேட்டு முடித்ததும் ஒன்றும் தங்கவில்லை. மால்கௌன்ஸில்தான் மறுபடி நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஹிந்தோளத்தின் அந்த ஐந்து ஸ்வரங்களுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளிகளில் 303 வாய் திறந்து பேசுகிறது. கடைசி பைராகி, நம் ரேவதி.

வரிசையை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பைரவ், லலித் விடியல். தோடி முற்பகல், மதுவந்தி பிற்பகல், யமன் முன்னிரவு, மால்கௌன்ஸ் நள்ளிரவு, பைராகி மறுபடி காலை. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கச் சுற்றி வருகிறது. மாலை ராகமான பூபாலி மட்டும் மூன்றாவது இடத்தில் முன்னதாக வந்து நிற்கிறது, அது ஏனென்று எனக்குப் பிடிபடவில்லை. கோவாக் கடற்கரை விருந்துகளிலும் நேரத்துக்கு ஏற்ற இசை உண்டு: நடு இரவுக்கு இருண்ட, மெட்டில்லாத டிராக்குகள், விடிந்ததும் மெட்டுள்ளவை. ஆகவே ஒரு டிராக் மந்தமாக இருக்கிறது என்று எழுதுமுன் அது ஆல்பத்தில் எந்த நேரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கடிகாரமே கொஞ்சம் கோணல். இந்திய நேரத்தின் தீர்க்கரேகையிலிருந்து பத்து பாகை கிழக்கே இருப்பதால் காலை ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்து, மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். காலை டிராக்கை நான் கேட்கும் நேரத்தில் சென்னை தூங்கிக்கொண்டிருக்கும்.

சரண்ஜித் சிங்கை வைத்துச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 2010-க்குப் பிறகு வந்த எழுத்துகளில் பாதி, டிபி-303 ஒலியில் பிறந்த நடன இசையான ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று முழங்கின. சிகாகோவில் ஃப்யூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளிவந்தது 1987-இல், ஆகவே இவர் ஐந்து ஆண்டு முந்தியவர் என்பது சரி. ஆனால் அந்த இளைஞர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டதற்குத் தடயம் இல்லை. டிபி-303 உலகமெங்கும் விற்காமல் போன கருவி, பழைய சாமான் விலையில் அவர்கள் கைக்கு வந்தது. ஒரே பெட்டியின் திருகுகளை இரண்டு ஊர்களில் தனித்தனியாகத் திருகியிருக்கிறார்கள். எனக்கு அந்த உண்மையே போதுமான வியப்பு. ‘உலகின் முதல்’, ‘முன்னோடி’ என்ற சொற்களை எழுதுமுன் ஆண்டையும் தொடர்பையும் சரிபார்ப்பது விமர்சகருக்கு மானப் பிரச்சினை.

அதேபோல், ஒரு டிராக்கின் முதல் இரண்டு நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று குறை சொல்லுமுன் காரணம் தேடுங்கள். தொண்ணூறுகளில் கோவா டிஜேக்கள் டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) கேசட்டில்தான் இசைத்தார்கள். அந்த வெயிலிலும் மணலிலும் வினைல் தட்டு வளைந்துவிடும். வினைலைப் போல வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு டிராக்கின் அடியை இன்னொன்றோடு சேர்க்க டாட்டில் வழியில்லை. அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் தாளமே இல்லாத நீண்ட ஒலிப்பரப்பை விட்டுவைத்தார்கள், ஒன்று வடிய மற்றது எழும். 1970-ஐ ஒட்டி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து கோவாவிலேயே தங்கி 2023-இல் மறைந்த கோவா கில் அந்த வழக்கத்தின் பெரிய ஆள். இன்றைய ஆல்பங்களில் அந்தத் தேவை போய்விட்டது, வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி வெறும் வழக்கமாக நிற்கும் இடத்தில் தாராளமாகக் குறை சொல்லலாம்.

மொழி விஷயத்தில் என் வழிகாட்டி கல்கி. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் அவர் கச்சேரி விமர்சனம் எழுதியபோது, படித்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கச்சேரியைக் கேட்டிராதவர்கள். அவர்களும் ரசித்துப் படித்தார்கள். டிரான்ஸுக்கும் அதே நிலைமைதான். ‘மெய்சிலிர்க்கும்’, ‘வேற லெவல்’, ‘பிரபஞ்சப் பயணம்’ மூன்றையும் என் வீட்டில் தடைசெய்திருக்கிறேன். எல்லா டிராக்குக்கும் சம அளவு பத்தி ஒதுக்குவதும் வேண்டாம். சொல்ல ஒன்றுமில்லாத டிராக்குக்கு அரை வரி போதும்.

பத்து ராகத்தை முடித்தவர்கள் அடுத்து ஹாலூசினோஜென் என்ற பெயரில் சைமன் போஸ்ஃபோர்ட் 1995-இல் வெளியிட்ட ‘ட்விஸ்டட்’ ஆல்பத்தை எடுக்கலாம். ஒன்பது டிராக். அந்தப் பழைய 303 ஒலியை அவர் எவ்வளவு தூரம் இழுத்துப் போயிருக்கிறார் என்று கேளுங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள், இரண்டாம் தடவை தாளம் மட்டும் போடுங்கள், குறிப்பு மூன்றாம் தடவைக்கு.