தாத்தா எப்போது வருவார்?

வீட்டில் பெரியவர் இறந்தால், "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று தம்பி தங்கையரிடம் சொல்லிவிடுகிறோம். வத்திராயிருப்பில் ஊருக்குப் போகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவார், மறுநாள் திரும்புவார். குழந்தை திண்ணையில் காத்திருக்காதா?

ஹங்கேரியில் மரியா நாகி என்ற அறிஞர் குழந்தைகளிடம் பேசி, 1948இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 5 வயதுக்குட்பட்டோர் சாவைத் தூக்கமாகவோ பயணமாகவோ எண்ணுகின்றனர். அது எல்லோருக்கும் உண்டு, மீள முடியாதது என்பது 9 வயதளவில்தான் விளங்குகிறது என்றார். 5 முதல் 7 வயதுக்குள்ளேயே பலருக்கும் புரிந்துவிடும் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

'தூங்குகிறார்' என்பது இன்னும் மோசம். இரவில் கண்மூடவே சில பிள்ளைகள் அஞ்சும். "தாத்தாவுக்கு மிகவும் வயதாகிவிட்டது, உடல் ஓய்ந்து இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்றே சொல்லலாம், தோழியரே. அழுதால் சேர்ந்து அழலாம். "அம்மாவும் செத்துப்போவாங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். "எல்லோரும் ஒருநாள் இறப்போம், அம்மா இன்னும் நெடுநாள் நம்மோடு இருப்பார் என்று நம்புகிறோம்" என்பதே அதற்கு விடை.