பழைய லொறிக்கு மெனிபோல்டா, ஹெடரா?

அலவத்துகொட சந்தியில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்டியிலிருந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் எத்தனை பழைய லொறிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகின்றன! வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, பெரும்பாலும் 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் கழித்துவிட வேண்டிய லொறியைக்கூடப் பழுது பார்த்து ஓட்டினார்கள். இப்போதும் ஓட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட லொறிகளில் அடிக்கடி வெடிப்பது எக்ஸோஸ்ட் மெனிபோல்ட். அதைக் கழற்றிவிட்டு "ஹெடர் அடிச்சுப் போடுவோம், லொறி பறக்கும்" என்று கராஜில் சொல்லுவாங்க. அது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இந்த இதழின் பாடம். டிரைவருக்கும் கிளீனருக்கும் மட்டும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லொறியில் ஏறிப் போகிற எல்லாருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பெட்டிதான் மெனிபோல்ட். ஹெடர் என்பது அதே வேலையைச் செய்யும் தனித்தனி இரும்புக் குழாய்கள். கொஞ்ச தூரம் போய்த்தான் ஒன்று சேரும். நம்ம மலையில் கான் வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பக்கக் கான் பெரிய கானில் நேர்குறுக்காக விழுந்தால் தண்ணீர் முட்டிப் பின்னால் ஏறும். சாய்வாகச் சேர்த்து வெட்டினால் இழுத்துக்கொண்டு போகும். புகையும் அப்படித்தான். ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் வழக்கமாக 1-5-3-6-2-4 என்ற வரிசையில் தீப்பிடிக்கும். முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். அதனால்தான் நல்ல ஹெடரில் முதல் மூன்று குழாய்களை ஒன்றாகவும் கடைசி மூன்றை ஒன்றாகவும் சேர்ப்பார்கள்.

ஆனால் லொறி பறக்காது. ஹெடரின் லாபம் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் தெரியும். கொழுந்து மூட்டையோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிற லொறிக்கு அது மிகக் குறைவு. எஞ்சின் தலையிலுள்ள துவாரத்தைவிடப் பெரிய குழாய் போட்டால் ஏற்றத்தில் இழுவை குறைந்தும் போகும். என் கணக்கில், ஹெடர் போட ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு: மெனிபோல்ட் வெடித்துவிட்டது, வேறொன்று எங்கேயும் கிடைக்கவில்லை. முதலில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளைத் தேடிப் பாருங்கள். வெடிப்பு சின்னதென்றால் நிக்கல் குச்சியால் ஒட்டலாம். அதற்கு முன் சூடேற்ற வேண்டும், ஒட்டியபின் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழும்.

ஏன் வெடிக்கிறது? இரண்டடி நீள வார்ப்பிரும்பு 500 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும், ஆறினால் சுருங்கும். இரண்டு முனையிலும் நட்டை முறுக்கி இறுக்கிவிட்டால் அது நகர இடமில்லை. எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

வெடித்ததைக் கண்டுபிடிக்கக் காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, காதைக் கொடுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சூடானதும் இரும்பு விரிந்து வெடிப்பை அடைத்துவிடும், சத்தம் நின்றுவிடும். "இப்ப சரியாப் போச்சு" என்று ஏமாந்துவிடக் கூடாது. கெஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அந்த வெடிப்பு வழியாக வருவது வெறும் புகையல்ல. அதில் காபன் மொனொக்சைட் என்ற வாயு இருக்கிறது. நிறமில்லை, வாசமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். டீசலைவிடப் பெற்றோல் எஞ்சினில்தான் இது அதிகம். கதிர்காமத்துக்கோ மடுவுக்கோ போகும்போது படங்கைக் கட்டி, உள்ளே பிள்ளைகளைத் தூங்கப் போட்டுக்கொண்டு போகிறோம். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் "மலைப்பாதை சுத்துது" என்று சொல்லிவிடுகிறோம். கீழே இறங்கிக் காற்றுப் பட்டால் சுகமாகிறது, மறுபடி ஏற்றிவிடுகிறோம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி என்றால் அது சுத்தல் அல்ல. உடனே நிறுத்தி எல்லாரையும் வெளியே இறக்குங்கள். எழுப்பியும் எழும்பாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. படங்கு கட்டிய லொறியில் புகைக்குழாயின் நுனி பொடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஹெடர் போட்டாலும் மெனிபோல்ட் போட்டாலும் இதில் மாற்றமில்லை.

டீசல் லொறிக்காரருக்கு ஒரு வார்த்தை. எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள லொறியில் மெனிபோல்டைத் தொடாதீர்கள். அந்தப் பிரேக் புகையை அடைத்துத்தான் லொறியைப் பிடிக்கிறது. கராஜில் ஒட்டிய மெல்லிய குழாயில் கசிவு வந்தால் இறக்கத்தில் பிடி இருக்காது. டர்போ எஞ்சினில் டர்போவின் பாரத்தைத் தாங்குவதே மெனிபோல்ட்தான்.

பெற்றோல் லொறியிலும் பிரேக் விஷயம் உண்டு. பழைய பெட்போர்ட் போன்றவற்றில் காற்று உள்ளே போகும் மெனிபோல்டும் புகை வெளியேறும் மெனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கும், ஒன்றைக் கழற்ற மற்றதையும் கழற்ற வேண்டியிருக்கும். பிரேக்குக்கு உதவும் வெக்குவம் குழாய் அங்கிருந்துதான் போகிறது. அதைத் திரும்ப மாட்ட மறந்து லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கினால் பிரேக் மிதி கல்லாக இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், பிறகு சத்தத்தைப் பார்க்கலாம். பழைய மெனிபோல்டின் சூடு பெற்றோலை ஆவியாக்கவும் உதவுகிறது. ஹெடர் போட்டால் அது போய்விடும், குளிர் காலையில் எஞ்சின் திக்கும். பிளக் வெள்ளையாக வந்தால் பெற்றோல் குறைவு. காபரேட்டரைத் திருத்த வேண்டும்.

வேலை தொடங்க முதல்நாள் இரவே ஸ்டட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மாலையில் வந்து ஸ்பானரில் தொங்கினால் ஸ்டட் உடைந்து எஞ்சின் தலைக்குள் நிற்கும், அதைத் துளைத்தெடுக்க ஒரு நாள் கூலி போகும். பழைய கெஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், ஊதாதீர்கள். ஹெடரின் தகடு தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் வளைந்து, புதுசிலேயே கசியும். பிரேக் குழாய், பெற்றோல் குழாய், வயர் எதுவும் ஹெடருக்குப் பக்கத்தில் போகக் கூடாது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சட்டமும் விடாது, லயத்தில் தூங்கும் குழந்தையும் விடாது. 2008 முதல் நடக்கும் புகைப் பரிசோதனையிலும் கசிவுள்ள குழாய் சரியான அளவைக் காட்டாது.

நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி, முழுதாக ஆறியபின் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். அடுத்த நாள் காலை, லொறியில் யாரையும் ஏற்றுவதற்கு முன், பொனட்டைத் திறந்து ஸ்டார்ட் பண்ணி அந்த 'டிக் டிக்' கேட்கிறதா என்று பாருங்கள்.